‘சென்ட்’ பண்ணுகிறவர்கள்

1

போன மாதம் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்காக மகளைக் கூட்டிக்கொண்டு அறந்தாங்கிக்கு வந்திருந்தேன். விழா முடிந்த மறுநாள் புதுக்கோட்டையில் ஒரு தோழியைப் பார்க்கக் கிளம்பினேன். தங்கையின் கணவர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்னைய பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் சென்ட் பண்றீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். துணியும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார். "தபால்லயா, பார்சல் சர்வீஸ்லயா அக்கா?"

உள்ளேயிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "அவ அடிச்சுக்கிற சென்ட்டு கேக்குறா போல. பீரோவுல இருக்கு, எடுத்துக் குடுங்க." ஈஸிசேரில் சாய்ந்திருந்த சித்தப்பாவும் விடவில்லை. "சென்ட்டுன்னதும் வசந்தா நெலம் வாங்கத்தான் வந்திருக்குன்னு நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆறு வயது கவிதா மட்டும் என் புடவையைப் பிடித்து இழுத்து, "அம்மா, நீங்க சரியாத்தானே கேட்டீங்க? ஏன் சிரிக்கிறாங்க?" என்றாள்.

கல்லூரியில் மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். ‘சென்ட்’ என்றால் அனுப்புவது; அனுப்புகிறவர் இருந்த இடத்திலேயே இருப்பார், போகிற பொருளோ ஆளோதான் போகும். இது எனக்கு நன்றாகவே தெரியும். பிறகு எப்போது அது என் நாக்கில் வேறு பொருளோடு வந்து உட்கார்ந்தது? மலேசியாவுக்குத் திரும்பிவரும் விமானத்தில் கவிதா என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள். நான் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அன்று வாசலில் சிரித்தவர்களுக்குச் சொல்ல நேரமில்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

2

கல்லூரி நாளில் வாங்கிய அகராதி இன்னும் என்னிடம் இருக்கிறது. இங்கத்துப் புழுக்கத்தில் அட்டை உப்பி, பக்கங்களில் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. வந்ததும் அதை எடுத்துப் பார்த்தேன். ‘சென்ட்’ மிகப் பழைய சொல். ஆங்கிலம் ஆங்கிலமாவதற்கு முன்பே ஜெர்மானிய மொழிகளில் இருந்திருக்கிறது. ‘பயணம் போ’ என்று பொருள்படும் ஒரு வினையிலிருந்து ‘பயணம் போகச் செய்’ என்று இது பிறந்ததாம். கடிதமும் பார்சலும் இதற்குள் பிற்பாடு வந்து சேர்ந்திருக்க வேண்டும். முதலில் ஓர் ஆள், ஒரு வழி, அவ்வளவுதான்.

மலேசியாவில் இந்தச் சொல் எப்படிப் பொருள் மாறியது என்பது கடினமான விஷயமில்லை. மலாய்க்காரர்களிடம் ‘ஹந்தார்’ என்று ஒரு சொல் உண்டு. தபால் அனுப்புவதும் ஹந்தார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் ஹந்தார், இறந்தவரை அடக்கம் செய்யக் கூடவே போவதும் ஹந்தார். இந்த ஊர்க்காரர்கள் ஆங்கிலம் பேசத் தொடங்கியபோது அத்தனையையும் ‘சென்ட்’ தலையில் ஏற்றிவிட்டார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருமே, வாக்கியத்தின் வாலில் இந்த ஊர் ‘லா’வையும் ஒட்டி, "ஐ சென்ட் யூ லா" என்பார்கள். உன்னை உன் வீடுவரை கொண்டுவந்து விடுகிறேன் என்று அதற்குப் பொருள்.

நம்மிடமும் ‘வழியனுப்பு’ என்று ஒன்று இருக்கிறது. போகிறவரோடு கண்மாய்க்கரை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புவோமே, அது. அதை நாம் ‘அனுப்பு’ என்று குறைத்துச் சொல்வதில்லை. அனுப்பு வேறு, வழியனுப்பு வேறு. இது புரியாமல்தான் வந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க அழுதேன்.

3

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இங்கே வந்தேன். அவர் என் தூரத்து அத்தை மகன். அவருடைய தாத்தா நம் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவர். மூன்றாம் தலைமுறையில் இவர் கோல சிலாங்கூருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர். ஆபீஸை ஒட்டி எங்களுக்கு ஒரு பலகை வீடு. கொஞ்ச தூரம் தள்ளி வேலைக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்கள், அதற்கப்பால் ஒருபக்கம் பால்மரம், மறுபக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை.

தனியாக இருந்து பழகாதவள் நான். அவர் ஆபீஸுக்குப் போனதும் வீடு அடங்கிவிடும். செம்பனை ஆலையின் வாடை காற்றில் வந்தால் சாப்பாடு இறங்காது. மாமியார் நல்லவர்தான், ஆனால் அதிகம் பேசமாட்டார். நான் அழுவதை அவர் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதே இன்னும் அழுகையைக் கொண்டுவரும்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் அவர் மகனிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அந்தப் புள்ளய வெள்ளிக்கெழம சென்ட் பண்ணிரு தம்பி. எத்தன நாளைக்குத்தான் அழுதுகிட்டே கெடக்கும்."

"எனக்கு லீவு கெடைக்காதும்மா."

"நீ எதுக்கு? அஞ்சலை இருக்கால்ல, அவ சென்ட் பண்ணுவா."

எனக்குக் கை நின்றுவிட்டது. திருப்பி அனுப்பப் போகிறார்கள், அதுவும் கட்டியவரே வராமல் யாரோ அஞ்சலையைக் கொண்டு. அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரு பக்கம் பயம். மறுபக்கம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அழுதபடியே சீர்வரிசைப் புடவைகளைக்கூட விடாமல் பெட்டியில் அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் அதில் இருந்தார். காலையில் பால் வெட்டிவிட்டுக் குளித்து, ஈரத்தலையில் துண்டு கட்டியிருந்தார். பெண்பிள்ளை மோட்டார் ஓட்டி அதுவரை நான் பார்த்ததில்லை. அவர்தான் அஞ்சலை. லயத்தில் யாருக்கு வயிற்றுவலி கண்டாலும், யார் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டாலும், ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர்தான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

நான் இழுத்துக்கொண்டு வந்த பெட்டியைப் பார்த்தார்.

"ஏன் கிராணியம்மா இவ்ளோ பெரிய பொட்டி? ரெண்டு நாள்தானே?"

"ரெண்டு நாளா? ஊருக்கா?"

"எந்த ஊருக்கு? சுங்கை பஞ்சாங்குக்கு லா. ஒங்க அம்மா ஊரு ஆளு யாரோ அங்க இருக்காங்களாமே. அவுங்களப் பாத்தா ஒங்களுக்கு மனசு ஆறும்னு ஒங்க அத்ததான் சொன்னாங்க."

அத்தை உள்ளே திரும்பிக்கொண்டார். என் அம்மாவின் ஊரில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்ட பொன்னம்மா பெரியம்மா வீட்டை யார் யாரிடமோ விசாரித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தார் அவர். நான் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதேன். அது வேறு அழுகை.

ஒரு பையில் மாற்றுத்துணி வைத்துக்கொண்டு கிளம்பினோம். கோல சிலாங்கூர் பஸ் நிலையத்தில் மோட்டாரை ஒரு மளிகைக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு அஞ்சலையும் பஸ்ஸில் ஏறினார்.

"நீங்களும் வர்றீங்களா?"

"சென்ட் பண்றேன்னு சொன்னேனே," என்றார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது மாதிரி.

தஞ்சோங் காராங் தாண்டியதும் வயல் தொடங்கியது. கண்ணெட்டும் தூரம்வரை நெல்லும், வாய்க்கால் தண்ணீரும், கொக்கும். பால்மரத்தையும் செம்பனையையும் தவிர இந்த நாட்டில் எதுவும் முளைக்காது என்று நினைத்திருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி வந்தேன். அஞ்சலைக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றியது, விடியுமுன் எழுந்தவர் அல்லவா. ஆனாலும் சுங்கை பஞ்சாங் வரை வந்து, பெரியம்மா வீட்டு வாசலில் என்னை நிறுத்தி, "இந்தாங்க, ஒங்க ஊருப் பொண்ணு" என்று ஒப்படைத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

அந்த இரண்டு நாளும் பெரியம்மா வீட்டில் வயிறாரச் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறபோது நான் ‘வீட்டுக்கு’ என்று சொன்னதாகப் பெரியம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுவார்.

4

வந்த புதிதில் இந்நாட்டில் தங்குவதற்கு எனக்குத் தற்காலிக அனுமதிதான். சில மாதங்களுக்கு ஒருமுறை நகரத்துக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று அதைப் புதுப்பிக்க வேண்டும். முதல் தடவை போனபோது ஏதோ ஒரு முத்திரைத்தாள் வேண்டுமென்று என் கணவரைக் கீழே அனுப்பிவிட்டார்கள். கவுன்டர் முகப்பில் நான் மட்டும் நின்றேன். எதிரே தலையில் துணி சுற்றிய மலாய்ப் பெண் அதிகாரி.

"ஹூ சென்ட் யூ?" என்று கேட்டார்.

என்னை இங்கே அனுப்பியது யார்? நான் யோசிக்கவே இல்லை. "மை ஃபாதர்," என்றேன்.

"அப்பா எங்கே?"

"இந்தியாவில்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலையில் உங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு இந்தியாவுக்கா போய்விட்டார்?"

பின்னால் நின்றவர்கள் சிரிக்க, எனக்கு வியர்த்துவிட்டது. அதற்குள் கணவர் முத்திரைத்தாளோடு ஓடிவந்து மலாயில் விளக்கினார். என்னோடு யார் வந்தது, கணவர் வந்தாரா என்றுதான் அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் நான் எப்போது போனாலும், "இன்றைக்கும் அப்பாதான் சென்ட் பண்ணினாரா?" என்று கேட்காமல் இருந்ததில்லை.

5

கவிதா பிறந்து ஒரு வயது முடிந்திருந்தது. ஒரு நாள் காலை தந்தி வந்தது. அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே வா.

என் பாஸ்போர்ட் கையில் இல்லை. அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்து அந்த அலுவலகத்தில் இருந்தது. வர இன்னும் சில வாரம் ஆகும் என்றிருந்தார்கள். கணவருக்கு அன்று தோட்டத்துக் கணக்குத் தணிக்கை, நகர முடியாத நிலை. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். யார் போய்ச் சொன்னார்களோ, அஞ்சலை அக்கா பால் வாளியை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்து நின்றார்.

"புள்ளய அத்தகிட்ட குடு தங்கச்சி. கெளம்பு."

அன்றுவரை நான் அவருக்குக் கிராணியம்மாதான். அந்தக் காலையில் எப்போது தங்கச்சியானேன் என்பது இருவருக்குமே தெரியாது.

பஸ் மாறிப் பஸ் ஏறி நகரத்துக்குப் போனோம். வரிசை வாசல்வரை நின்றது. வேலை உடுப்போடு, பால் கறை படிந்த கால்சட்டையோடு அக்கா என் பக்கத்தில் நின்றார். என் முறை வந்தபோது அதே அதிகாரிதான் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போலச் சிரித்து, "இன்றைக்கும் அப்பாவா?" என்று ஆரம்பித்தார்.

நான் தந்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

படித்தார். "உங்களை சென்ட் பண்ணின அப்பாவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தலையசைத்தேன். எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினார்கள். அதிகாரி வந்தபோது கையில் என் பாஸ்போர்ட் இருந்தது, முத்திரை குத்தப்பட்டிருந்தது. இரண்டு கையாலும் கொடுத்தார்.

மறுநாள் குழந்தையை அத்தையிடமே விட்டுவிட்டு நான் கிளம்ப, சுபாங் விமான நிலையம்வரை கணவரும் அக்காவும் வந்தார்கள். அவர் டிக்கெட்டோடு ஓடிக்கொண்டிருந்தார். பயணிகள் மட்டும் போகிற கண்ணாடிக் கதவு வந்தது. அக்கா என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே உள்ளே நுழையப் பார்க்க, காவலர் கையை நீட்டித் தடுத்தார். அக்கா அவரிடம் மலாயில் என்னவோ கேட்டார். அவர் மறுத்துத் தலையாட்டினார்.

"இதுக்கு மேல சென்ட் பண்ண விடமாட்டாங்களாம் தங்கச்சி," என்றார். ஏதோ தன்னால்தான் குறை என்பதுபோலப் பையை என் தோளில் மாட்டிவிட்டார்.

நான் வீடு சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்காக உடலை ஒரு நாள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், அதற்கு மேல் முடியவில்லை. கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா உட்காரும் நாற்காலியில் யாரோ துவைத்த துணியைப் போட்டிருந்தார்கள். அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு அந்த நாற்காலியின் காலடியில் உட்கார்ந்தேன். ஒப்பாரி ஓய்ந்த நேரத்தில் உறவுக்கார அத்தை ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இம்புட்டுத் தூரம் தன்னந்தனியாவா ஒன்ன அனுப்பிச்சாக?"

இல்லை, கண்ணாடிக் கதவுவரை வந்தார்கள் என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அது அங்கே யாருக்கும் புரியும் என்று தோன்றவில்லை. வெறுமனே தலையாட்டினேன்.

6

இப்போது எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துவருகிறார்கள். எல்லாம் செம்பனையாகப் போகிறது. லயத்தில் பாதி வீடு பூட்டிக்கிடக்கிறது. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்கு ரவாங், கிள்ளான் என்று போய், பின்னாலேயே பெற்றவர்களையும் அழைத்துக்கொள்கிறார்கள்.

என் நாள் பெரும்பாலும் கவிதாவைச் சுற்றி ஓடுகிறது. மழையை அவள் ‘ஹுஜான்’ என்பாள். திருத்தினால், "ரெண்டும் ஒண்ணுதானே" என்பாள். அறந்தாங்கியில் மூன்றாம் நாளே, "எப்பம்மா வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்டவள். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது, "கேட் வரைக்கும் சென்ட் பண்ணா போதும்மா, உள்ள வராதீங்க, மத்தவங்க பாப்பாங்க" என்கிறாள். நான் கேட்டருகே நின்று, அவளுடைய நீலப் பாவாடை மற்ற நீலப் பாவாடைகளோடு கலந்து தெரியாமல் போகும்வரை பார்த்துவிட்டு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை அக்காவும் போனார். மகன் செல்வத்துக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை, அங்கேயே வீடும் கிடைத்துவிட்டது. சாமான்களை முதல் நாளே லோரியில் ஏற்றியாகிவிட்டது. கோயில் பூசையை முடித்துக்கொண்டுதான் கிளம்புவேன் என்று அக்கா மட்டும் தங்கிவிட்டார்.

"நான் சென்ட் பண்றேன் அக்கா," என்றேன். எனக்கு லைசென்ஸ் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்களிடம் இருப்பதும் பழைய கார். அவர் என் கணவரைப் பார்த்தார். "போங்கக்கா, நல்லாத்தான் ஓட்டுவா," என்றார் இவர், கொஞ்சம் தயக்கத்தோடு.

பின்சீட்டில் கவிதா, அவள் மடியில் பால்மாவு டின்னில் வைத்த கறிவேப்பிலைக் கன்று. முன்னால் அக்கா. தோட்டத்தைத் தாண்டும்வரை அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு வழியெல்லாம் எனக்காகப் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். "லோரி வருது, ஓரமா போ." "மாடு நிக்கிது, ஹார்ன் அடி." இத்தனைக்கும் இந்தச் சாலையில் அவர் மோட்டாரில் பறந்ததை நான் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

செல்வத்தின் வீடு ஒரே மாதிரியான வீடுகள் நெருக்கமாக நிற்கும் வரிசையில் இருந்தது. அக்கா ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போட்டு அணைத்தார். சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "வீட்டுக்குள்ளயே தண்ணி," என்றார். அது சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. கன்றை வைக்கப் பின்பக்கம் போனார். பின்பக்கம் முழுவதும் சிமென்ட். டின்னோடு சுவரோரம் வைத்தார்.

தேநீர் குடித்து முடிக்கையில் வானம் கறுத்துவிட்டது. நான் எழுந்தேன்.

"தனியாவா போகப் போற? புள்ளய வச்சிக்கிட்டு?"

"வந்தேனேக்கா. அதே ரோடுதானே?"

"வரும்போது நான் இருந்தேன் லா." உள்ளே திரும்பிக் கத்தினார். "டேய் செல்வம், மோட்டார எடு. தங்கச்சிய பத்தாங் பெர்ஜுந்தை வரைக்கும் சென்ட் பண்ணிட்டு வந்துருவோம்."

"ஐயோ அக்கா, நான் காருல போறேன். நீங்க மழையில மோட்டாருல வந்து என்னைய சென்ட் பண்றதா?"

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மகனுக்குப் பின்னால் ஏறிவிட்டார். செல்வம் என்னைப் பார்த்துச் சிரித்தான், எங்கம்மாகிட்ட யார் பேசி ஜெயிக்கிறது என்பது போல.

அப்படித்தான் திரும்பினோம். முன்னால் மோட்டார், பின்னால் என் கார். ஒவ்வொரு வளைவிலும் அக்கா திரும்பி நான் வருகிறேனா என்று பார்த்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. விளக்கை அடித்து அடித்து, திரும்பிப் போங்கள் என்று சைகை காட்டினேன். அவர் கையை மட்டும் ஆட்டினார்.

பத்தாங் பெர்ஜுந்தை சந்திப்பில் நின்றார்கள். நான் கண்ணாடியை இறக்கினேன். அக்கா சொட்டச் சொட்ட நனைந்தபடி ஜன்னலருகே வந்தார். அவர் என்ன சொல்ல வந்தாரோ, அதற்குள் கவிதா பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"அம்மா, இப்ப பெரியம்மாவ நாம ரவாங்குக்குத் திருப்பி சென்ட் பண்ணணுமா?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முறை அதுதானே என்று கேட்டாள். அக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு மழையிலேயே நின்று, கார்க் கூரையைக் கையால் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"நல்லா கேட்ட போ! அப்புறம் நான் மறுபடி ஒன்ன இங்க கொண்டாந்து வுடணும்... இப்பிடியே போயிக்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்க வேண்டியதுதான் லா." சிரித்து முடித்ததும் கையை உள்ளே விட்டு, ஈர விரல்களால் குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். "போ தங்கச்சி. மெதுவா போ."

கியரைப் போட்டு நகர்ந்தேன். சாலை நேராக இருந்ததால் பின்கண்ணாடியில் வெகுதூரம் தெரிந்தது. செல்வம் மோட்டாரைத் திருப்பி நிறுத்திவிட்டு ஹார்ன் அடித்தான். மறுபடியும் அடித்தான். அக்கா ஏறவில்லை. மழையில் சாலை ஓரத்தில், நான் போகிற பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.